ஐரோப்பிய ஒன்றிய இலக்கியப் பரிசு நூல்கள்: எதிலிருந்து தொடங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஐரோப்பிய ஒன்றிய இலக்கியப் பரிசு பெற்ற நூல்களைப் படிக்க ஆசைப்படுகிறோம். 2009-இல் தொடங்கிய பரிசு. வளர்ந்துவரும் எழுத்தாளர்களை நாட்டு எல்லை தாண்டிய வாசகர்களிடம் கொண்டுசேர்ப்பதுதான் நோக்கம். ஒன்றியத்தில் இல்லாத நார்வே, செர்பியா எழுத்தாளர்களும் வென்றிருக்கிறார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

2011-இல் வென்ற மால்டா எழுத்தாளர் இம்மானுவேல் மிஃப்சுத்தின் நூலில், இறந்துபோன அப்பாவின் போர்க்கால நாட்குறிப்பை மகன் வாசிக்கிறான். சின்னத் தீவின் மொழியில் எழுதியது, ஆனால் அப்பாவை இழந்த யாரையும் உலுக்கிவிடும்.

இதுபோல ஆங்கிலத்தில் வந்த, சென்னையில் வாங்கவோ நூலகத்தில் எடுக்கவோ முடிகிற நூல்கள் எவை? தமிழில் ஏதாவது வந்திருக்கிறதா? அளவில் சிறியதாக இருந்தால் நல்லது, வட்டத்தில் வேலைக்குப் போகிறவர்களே அதிகம். படித்தவர்கள் அவசியம் சொல்லுங்கள்.