புதுப்பிப்பு: ஐ5 4590ஐ மாற்றுவதென்று முடிவு

என் கம்ப்யூட்டரில் இருக்கும், 2014இல் வந்த இன்டெல் ஐ5 4590 புரொசஸரை மாற்றுவதா, இன்னும் கொஞ்சம் இழுப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வீடியோ எடிட் செய்யும்போது எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துப் பார்த்தேன். புரொசஸரின் நாலு கோரும் (கணக்குப் போடும் பகுதிகள்) 100 சதவீதத்தில் நிற்கின்றன. ரேமில் இடம் மிச்சம், ஃபைல்கள் இருக்கும் எஸ்எஸ்டியும் சும்மா கிடக்கிறது. ஆக, வேகத்தைக் குறைப்பது புரொசஸர்தான்.

சரி என்று கொழும்பு பம்பலப்பிட்டியில் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் யுனிட்டி பிளாசாவில் விசாரித்தேன். புதியது போட்டால் மதர்போர்டும் மாற வேண்டும், இப்போதிருக்கும் பழைய வகை டிடிஆர்3 ரேம் அதில் ஏறாது. இருக்கிற போர்டிலேயே பழைய ஐ7 4790 போடலாம், எட்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) கிடைக்கும். ஆனால் விண்டோஸ் 11 ஆதரிக்கும் புரொசஸர்களின் பட்டியலில் அதுவும் இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. அந்த ஐ7க்குக் காசு கொட்ட மனம் வரவில்லை.

அதனால் ஏஎம்டியின் ரைசன் 5 5600 புரொசஸர், அதற்கேற்ற பி550 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 வாங்குகிறேன். கேஸும் எஸ்எஸ்டியும் பழையதே.