ஷட்டரை மாற்றியும் மூன்று படமும் ஒரே வெளிச்சத்தில் வருகிறது, ஹெச்டிஆர் (வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த படங்களை ஒன்றாகச் சேர்ப்பது) தெரிந்தவர்கள் உதவுங்கள்

வைகைக்கரை:
மதுரை திருமலை நாயக்கர் மகால், காலை 11 மணி. தூண் வரிசையின் நிழலில் நின்று, வெயில் விழும் முற்றத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். திரையில் தூணைத் தொட்டால் முற்றம் வெளுத்துப் போகிறது. முற்றத்தைத் தொட்டால் தூணெல்லாம் கரி. ஆட்டோ ஹெச்டிஆரில் இரண்டும் தெரிகிறது, ஆனால் நிழலின் அழகே போய்ச் சப்பென்று இருக்கிறது. சரி, நாமே மூன்று எடுத்துச் சேர்ப்போம் என்று ப்ரோ மோடில் (அளவுகளை நாமே மாற்றும் வசதி) ஷட்டரை, அதாவது ஒளி விழும் நேரத்தை, 1/60, 1/250, 1/1000 நொடி என மாற்றினேன். மூன்றும் ஒரே வெளிச்சம்! கோளாறு போனிலா, என்னிடமா?

பழையபிலிம்:
படங்களின் விவரத்தைத் திறந்து ஐஎஸ்ஓ (விழுந்த ஒளியைப் பெருக்கிக் காட்டும் அளவு) எவ்வளவு என்று சொல்லுங்கள் தம்பி.

வைகைக்கரை:
வரிசையாக 50, 200, 800 அண்ணே.

பழையபிலிம்:
நினைத்தேன். ஐஎஸ்ஓ ஆட்டோவில் இருந்திருக்கிறது. நீங்கள் ஷட்டரை நான்கு மடங்கு வேகமாக்கினால், போன் ஐஎஸ்ஓவை நான்கு மடங்கு ஏற்றிச் சரிக்கட்டிவிடும். அதன் வேலையை அது ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. கூடவே 800-இல் புள்ளி புள்ளியாக இரைச்சலும் வந்திருக்குமே?

ஐஎஸ்ஓவை 50-இல் பூட்டுங்கள். பெரும்பாலான போன்களில் அப்பர்ச்சரை (லென்ஸின் திறப்பை) மாற்ற முடியாது, அதனால் கையில் மிச்சம் ஷட்டர் மட்டும்தான். எஃப் 1.8 திறப்புள்ள லென்ஸ் என்றால் நல்ல வெயிலுக்கு 1/4000 பக்கம் வரும். தூணுக்கு உங்கள் 1/60 போதும். இடைவெளி ஆறு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு), அதாவது 64 மடங்கு. உங்கள் மூன்று படம் அந்த முற்றம் வரை எட்டாது. 1/4000, 1/1000, 1/250, 1/60 என நான்கு எடுங்கள். வொயிட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) ஃபோகஸையும் பூட்ட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஒரு தூண் மஞ்சள், ஒரு தூண் நீலம்.

நிழல்வண்டி:
இவ்வளவு பாடு எதற்கு? ஆட்டோ ஹெச்டிஆரிலேயே முற்றத்தை அழுத்திப் பிடித்துப் பூட்டி, வெளிச்சத்தைக் கூட்டும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளினால் முடிந்தது. வாட்ஸ்அப்பில் போட அது போதும்.

பழையபிலிம்:
வாட்ஸ்அப்புக்குப் போதும்தான். அவர் கேட்பது நிழலை.

வைகைக்கரை:
இன்று மறுபடி போனேன். போனைத் தூணோடு ஒட்டிப் பிடித்து, 2 நொடி டைமர் வைத்து நான்கும் எடுத்தேன். கணினியில் லூமினன்ஸ் ஹெச்டிஆர் என்ற மென்பொருளில் சேர்த்ததும் தூணின் சுதை வேலையும் முற்றத்துத் தரையும் சேர்ந்தே தெரிகின்றன. ஒரே சிக்கல், குறுக்கே நடந்த ஒரு பாட்டி நான்கு இடத்தில் ஆவி மாதிரி நிற்கிறார்.

பழையபிலிம்:
சேர்க்கும்போது கோஸ்ட் நீக்கும் வசதி இருக்கும், அதைப் போட்டுப் பாருங்கள். அதற்கும் போகவில்லை என்றால், பாட்டி நன்றாகப் பதிந்த ஒரு படத்திலிருந்து அந்த இடத்தை மட்டும் மேலே வைத்து ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை மகால் திறந்தவுடன் போய்விடுங்கள், கூட்டம் இருக்காது.