முறையியலில் பெயர் பெற்ற பல்கலைக்கழகங்கள்: மாணவர் எண்ணிக்கையை வைத்து எப்படி ஒப்பிடுவது?

அருமனைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். குழித்துறையிலிருந்து இரண்டு வருடம் தினமும் ரயிலேறி திருவனந்தபுரம் போய் அரசியல் அறிவியலில் எம்.ஏ. முடித்தேன். தேர்தல் முடிவுகளை எண்களாக வைத்து அலசுவதுதான் எனக்குப் பிடித்த வேலை, ஆனால் முறையியலுக்கென்று, அதாவது புள்ளியியலும் கணிதமும் கொண்டு அரசியலை ஆராயும் வழிகளுக்கென்று, நான் படித்தது ஒரே ஒரு தாள். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளை நானாகவே போனிலும் பழைய லேப்டாப்பிலும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். இப்போது வெளிநாட்டில் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கப் போகிறேன். முறையியலில் பெயர் பெற்ற இடங்களை ஒரு எக்செல் தாளில் போட்டு, பக்கத்தில் மொத்த மாணவர் எண்ணிக்கையை எழுதி வைத்திருக்கிறேன். ஒஹையோ ஸ்டேட் கொலம்பஸ் வளாகம் ஏறத்தாழ 60,000, மிச்சிகன் 50,000க்கு மேல், ரோச்செஸ்டர் 12,000 அளவில், பிரின்ஸ்டன் 9,000 அளவில். பெரிய இடமென்றால் சீட்டும் கூடுதலாக இருக்கும் என்று நினைத்து மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தியிருக்கிறேன். இந்தக் கணக்கு சரியா?

இவ்வளவு யோசிப்பதற்குக் காரணம் பணம்தான். ஒரு விண்ணப்பத்துக்கே 100 டாலரை ஒட்டி வருகிறது. அப்பாவுக்கு ரப்பர் பால் வெட்டு. விண்ணப்பக் காலமோ ஐப்பசி, கார்த்திகை. மழை பிடித்தால் வெட்டு கிடையாது, வெட்டில்லாவிட்டால் வீட்டில் காசும் கிடையாது. பத்து இடத்துக்குப் போடுகிற நிலைமை எனக்கு இல்லை.

ஆற்றுப்பாலம்:
தங்கச்சி, நானும் குழித்துறைதான், இப்போது அமெரிக்காவில் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் நாலாம் வருடம். அந்த வரிசையை முதலில் அழித்துவிடு. 60,000 என்பதில் நர்சிங், எஞ்சினியரிங், எம்.பி.ஏ., கால்நடை மருத்துவம் எல்லாம் சேர்ந்து கிடக்கிறது. உன்னோடு போட்டியிடுகிறவர்களும் உன்னோடு உட்கார்ந்து படிக்கப் போகிறவர்களும் அந்த எண்ணில் எங்கேயும் தெரிய மாட்டார்கள். எவ்வளவு பெரிய பல்கலைக்கழகமானாலும் ஒரு வருடத்தில் அரசியல் அறிவியல் பிஎச்.டி.க்குப் புதிதாகச் சேருகிறவர்களைப் பெரும்பாலும் ஒரே வேனில் ஏற்றிவிடலாம்.

துறை வாரியான எண்ணிக்கை வேண்டுமென்றால் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை நடத்தும் பட்டதாரி மாணவர் கணக்கெடுப்பைப் பார், ஜி.எஸ்.எஸ். என்பார்கள். அதில் சமூக அறிவியலும் உண்டு. 2017 முதல் முதுகலை மாணவரையும் முனைவர் மாணவரையும் தனித்தனியாகக் காட்டுகிறார்கள், இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் சில இடங்களில் காசு கட்டிப் படிக்கும் எம்.ஏ. மாணவர்கள்தான் பட்டதாரி எண்ணிக்கையை ஊதிப் பெரிதாக்குகிறார்கள். தற்காலிக விசாவில் வந்தவர்கள் எத்தனை பேர் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆனால் அது எல்லா ஆண்டு மாணவர்களும் சேர்ந்த எண், புதிதாகச் சேர்ந்தவர்கள் மட்டும் இல்லை. பிஎச்.டி. முடிக்க ஆறு வருடம் ஆகும் என்று வைத்தால், ஆறால் வகுத்தால் ஒரு வருட அளவு தோராயமாக வந்துவிடும்.

இன்னொன்று ஐப்பெட்ஸ், அமெரிக்க மத்திய கல்வித் துறையின் தரவு. அதில் அரசியல் அறிவியலில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று தேடாதே, துறை வாரிச் சேர்க்கையை அவர்கள் ஒரு சில துறைகளுக்குத்தான் வாங்குகிறார்கள். பட்டம் பெற்றவர்கள் எத்தனை என்பது எல்லாத் துறைக்கும் உண்டு, 45.10 என்ற குறியீட்டில் நம்முடையது. வருடாவருடம் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஐந்து பேர் மட்டும் பட்டத்தோடு வெளியே வருகிற இடமென்றால், மீதி ஏழு பேர் எங்கே போனார்கள் என்று கேட்க வேண்டும்.

அருமனைக்காரி:
அண்ணா, ரொம்ப நன்றி. அப்படியென்றால் மொத்த எண்ணிக்கையால் ஒரு பிரயோசனமும் இல்லையா?

ஆற்றுப்பாலம்:
ஒரு விஷயத்தில் உண்டு, அதை யாரும் முன்கூட்டியே சொல்லித் தருவதில்லை. இளங்கலை மாணவர் கூட்டம் பெரிதாக இருக்கிற அரசுப் பல்கலைக்கழகத்தில் உன் சம்பளம் பெரும்பாலும் டி.ஏ. வேலையிலிருந்துதான் வரும், அதாவது பேராசிரியருக்கு உதவியாக வகுப்புப் பிரிவு நடத்தி விடைத்தாள் திருத்துகிற வேலை. எனக்கு ஒரு பருவத்தில் மூன்று பிரிவு, பிரிவுக்கு 25 பேர். இடைத்தேர்வு முடிந்த வாரம் 75 விடைத்தாள், ஒவ்வொன்றிலும் மூன்று கட்டுரை. வெள்ளிக்கிழமை இரவு ஹீட்டர் பக்கத்தில் விடைத்தாள் கட்டை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் ஞாயிறு மாலைதான் எழுந்திருப்பேன், எனக்கென்று இருந்த மேட்ரிக்ஸ் கணக்கு அந்த வாரம் அப்படியே கிடக்கும். அதே நேரம் அந்தக் கூட்டம் இருப்பதால்தான் எனக்கு ஐந்து வருடச் சம்பளம் உறுதியாக இருக்கிறது. வசதியுள்ள சிறிய தனியார் பல்கலைக்கழகங்களில் இந்தச் சுமை குறைவு.

சின்ன இடத்திலும் ஒரு கஷ்டம் உண்டு. உயர்நிலை முறையியல் வகுப்புக்குக் குறைந்தபட்ச ஆள் சேராவிட்டால் வகுப்பையே ரத்து செய்வார்கள். எங்கள் துறையிலேயே ஒருமுறை பேய்சியன் என்கிற புள்ளியியல் முறை வகுப்புக்கு நாலு பேர்தான் பெயர் கொடுத்தோம், பருவம் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது எடுத்துவிட்டார்கள். அந்தப் பாடத்தை நம்பித்தான் நான் ஆய்வுத் திட்டமே எழுதி வைத்திருந்தேன். அதனால் புள்ளியியல் துறை வகுப்புகளில் உட்கார விடுவார்களா என்று கட்டாயம் கேள். கோடையில் மிச்சிகனில் நடக்கும் ஐ.சி.பி.எஸ்.ஆர். முறையியல் பயிற்சிக்குத் துறை பணம் தருமா என்றும் கேள். 1963 முதல் நடக்கிற பயிற்சி அது, வேறு பல்கலைக்கழக மாணவர்கள்தான் அதில் நிறைய.

தக்கலை டீச்சர்:
மக்களே, தம்பி சொன்னதெல்லாம் சரி, ஆனால் சிறிய இடம் என்று ரோச்செஸ்டரைக் கீழே தள்ளிவிடாதே. 1962இல் வில்லியம் ரைக்கர் அங்கே போய், அரசியலைக் கணித மாதிரிகளால் ஆராய்கிற ஒரு துறையைக் கட்டியெழுப்பினார். சின்னத் துறைதான், ஆனால் அங்கே படித்தவர்கள் அமெரிக்கா முழுக்க ஆசிரியர்களாகப் போய் அந்தப் பாணியையே பரப்பிவிட்டார்கள். செயின்ட் லூயிஸில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் பெரிய ஊர்க் கூட்டம் இல்லாத இடம்தான், முறையியலில் அதற்கு நல்ல பெயர். நான் பார்க்கச் சொல்வது ஒரே ஒரு விகிதம்: முறையியல் மட்டும் சொல்லித்தரும் ஆசிரியர் எத்தனை பேர், அவர்களிடம் இப்போது ஆய்வு செய்கிற மாணவர் எத்தனை பேர். துறையின் இணையப் பக்கத்தில் மாணவர் பட்டியல் இருக்கும், பெயருக்கு எதிரே ஆய்வுப் பிரிவும் இருக்கும். ஒரு மதியம் உட்கார்ந்தால் ஐந்து துறைக்கு எண்ணிவிடலாம். பழைய எண்ணை மட்டும் நம்பாதே, 2025இல் பல பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. சேர்க்கையைக் குறைத்துவிட்டன, மூன்று வருடம் முந்தைய பட்டியலைப் பார்த்து இந்த வருடத்துக்கு மனக்கணக்குப் போட்டால் தப்பாகும்.

அப்புறம், உன்னிடம் இருக்கிற பெரிய சொத்தை நீயே கவனிக்கவில்லை. 1956 நவம்பர் 1 வரை விளவங்கோடும் நெய்யாற்றின்கரையும் ஒரே மாநிலம். அன்றைக்குக் கோடு விழுந்தது, களியக்காவிளை இந்தப் பக்கம், பாறசாலை அந்தப் பக்கம். ஒரே மண், ஒரே ரப்பர், கல்யாண உறவுகூட இரண்டு பக்கமும் ஓடுகிறது. கேரளத்தில் கிராமப் பஞ்சாயத்துத் தேர்தலில் கட்சிகள் சின்னத்தோடு நிற்கின்றன, நம் பக்கம் கிராம ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் கட்சிச் சின்னம் இல்லாமல் நிற்கிறார்கள். கட்சி நிற்பதால் ரோடும் குடிதண்ணீரும் வேறுபடுகிறதா என்று எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பார்க்கலாம், முறையியல்காரர்கள் இப்படிப்பட்ட எல்லைக்கோட்டைத்தான் தேடி அலைகிறார்கள். கோடு விழுந்த பிறகு இரண்டு பக்கமும் வேறு என்னென்ன மாறியது என்பதை எப்படிப் பிரித்தெடுப்பாய் என்று கட்டாயம் கேட்பார்கள், அதற்குப் பதில் யோசித்து வை. நீ தினமும் ரயிலில் தாண்டிய கோடு அது. விண்ணப்பத்தோடு அனுப்பும் நோக்க அறிக்கையின் முதல் பத்தியில் இதை எழுது.

மைன் கரை:
ஜெர்மனியிலிருந்து சுருக்கமாக. முறையியலில் பெயர் பெற்ற மன்ஹைம் பல்கலைக்கழகமும் 12,000 பேர் அளவுதான், ஆனால் இங்கே பிஎச்.டி. என்பது பல நேரம் ஒரு வேலை, ஆராய்ச்சித் திட்டத்தில் காலியிடம் வந்தால்தான் சேர்க்கை. அதனால் சேர்க்கை எண்ணிக்கையைத் தேடாமல் வேலை அறிவிப்புகளைப் பாருங்கள். முதலில் எம்.ஏ. செய்ய நினைத்தால், மன்ஹைம் இருக்கும் மாநிலத்தில் 2017 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டணம் உண்டு. இங்கிலாந்தின் எசெக்ஸ் கோடைப் பள்ளியையும் பார்த்துக்கொள்ளுங்கள், முறையியலுக்கு ரொம்ப நாளாக நடக்கிறது.

அருமனைக்காரி:
டீச்சர், அந்த எல்லைக்கோட்டைப் பற்றி எம்.ஏ.யில் ஒருவர்கூட என்னிடம் பேசியதில்லை. எங்கள் பெரியம்மா வீடு பாறசாலையில், அங்கே வார்டு மெம்பர் எந்தக் கட்சி என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எங்கள் ஊரில் கேட்டால் ஆள் பெயரைத்தான் சொல்வார்கள். இது ஆய்வுக்கேள்வி என்று இப்போதுதான் தெரிகிறது.

எக்செல்லில் மொத்த எண்ணிக்கைப் பத்தியை அழித்துவிட்டேன். இப்போது நாலு பத்தி: முனைவர் மாணவர் எண்ணிக்கை, அதை ஆறால் வகுத்தது, பட்டம் வாங்கியவர்கள், முறையியல் ஆசிரியர்கள். ஐந்து இடம்தான் மிஞ்சுகிறது. ஐந்துக்கும் கட்டண விலக்கு உண்டா என்று இன்று ராத்திரியே மெயில் போடுகிறேன். ஆற்றுப்பாலம் அண்ணா, டி.ஏ. சுமையைப் பற்றித் துறையில் நேராகக் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?

ஆற்றுப்பாலம்:
துறைக்கு எழுதாதே, இப்போது அங்கே இரண்டாம் மூன்றாம் வருடம் படிக்கிறவர்களுக்கு எழுது. அவர்கள் உள்ளதைச் சொல்வார்கள். நான் இரண்டு பேரைக் காட்டித் தருகிறேன், தனிச்செய்தி பார்.