பெப் 8-இல் ஏபிசிடி வரிசை எங்கே இருக்கிறது?

தோவாளைக்காரன்:
வேறு கோப்புகளையும் லைப்ரரிகளையும் கோடுக்குள் கொண்டுவரும் இம்போர்ட் வரிகளை ஏபிசிடி வரிசையில் அடுக்கச் சொல்வது, பைதான் கோடு எழுதும் நடைக்கான வழிகாட்டியான பெப் 8தான், அடுக்காதவன் பைதான் பக்கமே வர வேண்டாம் என்று நேற்று தக்கலைத் தம்பி எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல். பெப் 8 கேட்பது மூன்று கூட்டம்: பைதானோடு வரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரி, வெளி லைப்ரரி, நம் சொந்தக் கோப்புகள். நடுவில் ஒரு வெற்று வரி. ஏபிசிடி எங்கே இருக்கிறது?

தக்கலை:
இம்போர்ட்டை அடுக்கும் கருவி ஐசார்ட் அப்படித்தான் அடுக்குகிறது, கோடைச் சரிபார்க்கும் கருவி ரஃபும் அப்படித்தான். ஊரே தப்பு, அண்ணாச்சி மட்டும் சரி, அப்படித்தானே?

தோவாளைக்காரன்:
அது ஐசார்ட்டின் வழக்கம், பெப் 8 அல்ல. அந்த ஐசார்ட்டே ஒவ்வொரு கூட்டத்திலும் இம்போர்ட் என்று தொடங்கும் வரிகளை மேலேயும் ஃப்ரம் வரிகளைக் கீழேயும் வைக்கும். அதுவே முழு ஏபிசிடி கிடையாது. எங்கள் பூச்சந்தையில் பிச்சி ஒரு குவியல், அரளி ஒரு குவியல். கூட்டம் பிரித்தால் போதும், கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

மார்த்தாண்டம்:
வரிசையை விடுங்கள். பைதானில் வெப்சைட் கட்டும் ஜாங்கோவில், ஆப் தொடங்கும்போது ஓடும் ரெடி ஃபங்ஷனுக்குள், புது யூசர் சேர்ந்ததும் மெயில் அனுப்பும் சிக்னல் கோப்பை இம்போர்ட் செய்திருந்தேன். பயன்படாத வரி என்று, அப்படிப்பட்ட வரிகளை நீக்கும் கருவியான ஆட்டோஃப்ளேக் அதைத் தூக்கிவிட்டது. அந்த இடத்தில், ஒன்றும் செய்யாதே என்று பொருள்படும் பாஸ் என்ற சொல் மட்டும் நின்றது. எரர் எதுவும் இல்லை, புது யூசருக்குப் போக வேண்டிய மெயில்தான் போகவில்லை. என் சனிக்கிழமை முழுக்க அதிலேயே போயிற்று.

தக்கலை:
எல்லாவற்றையும் நீக்கு என்ற ஆப்ஷனைப் போட்டிருப்பீர்கள், அக்கா. சும்மா ஓட்டினால் அது ஸ்டாண்டர்ட் லைப்ரரியை மட்டும்தான் தொடும்.

மார்த்தாண்டம்:
போட்டது நான் இல்லை, டீமில் இருந்த ஒருவர். தெரியாமல் பேசாதீர்கள்.

குளச்சல்:
மக்கா, ரஃப் ஃபார்மேட் கட்டளையை ஓட்டினால் எல்லாவற்றையும் அடுக்கிவிடுமே. எதற்குச் சண்டை?

தோவாளைக்காரன்:
ஓட்டிப் பார்த்துவிட்டா சொல்கிறீர்கள்? ரஃப் ஃபார்மேட் இம்போர்ட்டை வரிசைப்படுத்தாது. ரஃப் செக் கட்டளையில், இம்போர்ட் வரிசைக்கான ஐ விதியைச் சேர்த்து ஃபிக்ஸ் ஆப்ஷன் கொடுக்க வேண்டும். சரி, தம்பி, நான் கேட்டதற்குப் பதில் எங்கே? பெப் 8-இல் ஏபிசிடி என்று எந்த வரி?

தக்கலை:
என் கோடு இருக்கும் ரிப்போவில் வரிசை தப்பினால், கோடைத் தானாகச் சோதிக்கும் சிஐ சிவப்பு காட்டும், மெயின் கோடோடு மெர்ஜ் ஆகாது. அதுதான் பதில்.

தோவாளைக்காரன்:
உங்கள் ரிப்போ, உங்கள் விதி. அதற்குப் பெப் 8 என்று பெயர் வைக்காதீர்கள். எந்த வரி?

தக்கலை:
போன மாதம் வரியை உள்ளே தள்ள டேப்பா ஸ்பேஸா என்ற பேச்சில் நான் பெப் 8-இன் வரியைக் காட்டியபோது, அது வெறும் வழிகாட்டி என்றீர்கள். இன்றைக்கு மட்டும் வேதமா?

தோவாளைக்காரன்:
பேச்சை மாற்றாதீர்கள். எந்த வரி?