நோஷனல் மெஷின்: ‘கருதுபொறி’ எனலாமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு, வணக்கம்.

நோஷனல் மெஷின் (notional machine), அதாவது நிரல் உள்ளே எப்படி ஓடுகிறது என்று விளக்குவதற்காக வைத்துக்கொள்ளும் எளிய கணினி, என்பதற்குத் தமிழ் கேட்டு வந்த மடலையும் அதற்கான மறுமொழிகளையும் படித்தேன். மனப்பொறி, கற்பனை எந்திரம், மெய்நிகர் பொறி, பாவனைப் பொறி என நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. ஐந்தாவதாக நான் ஒன்றை வைக்கிறேன்: கருதுபொறி. மற்ற நான்கும் ஏன் ஒப்பவில்லை என்று சொல்வதற்கு முன் பொருளைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். அதைப் பார்க்காமல் பேசினால் எந்தச் சொல்லும் சரியாகத்தான் தோன்றும்.

இந்தச் சொல்லைக் கணினிக் கல்வியில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் பெனடிக்ட் டு பூலே. 1981-இல் சக ஆய்வாளர்களோடு எழுதிய கட்டுரையிலும், 1986-இல் தனியாக எழுதிய கட்டுரையிலும் இதைப் பேசுகிறார். நிரல் எழுதப் பழகுபவருக்கு, ‘இந்த வரி ஓடினால் உள்ளே என்ன நடக்கும்?’ என்ற கேள்விக்கு விடை வேண்டும். அந்த விடையைத் தரும் கணினி மேசைமேல் இருக்கும் கணினி அல்ல. மின்சுற்றும் பதிவகமும் அதில் கிடையாது. மாறி (வேரியபிள்), மதிப்பு, வரிகளின் வரிசை, சார்பை (ஃபங்ஷன்) அழைத்தால் எங்கே போய் எங்கே திரும்பும் என்பது போல, அந்த மொழியைப் புரிந்துகொள்ளத் தேவையானவை மட்டும் உள்ள, மற்றதையெல்லாம் கழித்துவிட்ட ஒரு கணினி. நிரல் எழுதப் பழகுபவர்களுக்காக ரிச்சர்ட் பாட்டிஸ் 1981-இல் வெளியிட்ட, திரையில் நகரும் கேரல் என்ற ரோபோவைக் கையாண்டவர்களுக்கு இது உடனே புரியும். கேரலுக்கு இடப்பக்கம் மட்டுமே திரும்பத் தெரியும். வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் மூன்று முறை இடப்பக்கம் திருப்ப வேண்டும். அந்தப் பொறியின் விதிகளை முதல் வகுப்பிலேயே சொல்லி முடித்துவிடலாம்.

பைத்தான், சி போன்ற நிரல்மொழிகளில் தொடங்கும் வகுப்பில் அப்படி யாரும் சொல்லி முடிப்பதில்லை. அங்கேதான் சிக்கல். கீழே இருப்பது பைத்தான் 3. அதில் மாறிகளுக்குத் தமிழ் எழுத்துகளிலேயே பெயர் வைக்கலாம். அப்படியே ஓட்டிப் பாருங்கள்.

ப = [1, 2]
ம = ப
ம += [3]

இப்போது ப என்ன? மாறி என்றால் மதிப்பைப் போட்டு வைக்கும் பெட்டி என்று படித்த மாணவர் [1, 2] என்பார். பைத்தான் [1, 2, 3] என்று காட்டும். சரி, கடைசி வரியை மட்டும் மாற்றி எழுதுவோம்.

ம = ம + [3]

இந்த முறை ப மாறாமல் [1, 2] என்றே இருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு வரியும் ஒன்றுதான். எண்களுக்கு இரண்டும் ஒரே விடைதான் தரும். பட்டியலுக்கு ஏன் வேறு விடை? பெட்டியை வைத்துக்கொண்டு இதை விளக்கவே முடியாது. பைத்தானில் மாறி என்பது ஒரு பொருளின்மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு; இரண்டு சீட்டு ஒரே பட்டியலில் ஒட்டியிருக்கலாம்; += அந்தப் பட்டியலையே நீட்டுகிறது, + புதிதாக ஒரு பட்டியலை உண்டாக்கி ம என்ற சீட்டைப் பிய்த்து அதில் ஒட்டுகிறது என்றால் இரண்டு விடையும் தாமாகவே வந்துவிடும். சி மொழியின் முழுஎண் மாறிக்குப் பெட்டியே போதும். ஆக, இரண்டு மொழிக்கு இரண்டு பொறி. நாம் பெயர் தேடுவது இந்தப் பொறிக்குத்தான்.

இனி வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன். முதலில் மனப்பொறி. அதைப் பரிந்துரைத்தவர் எழுதியது இது:

> எல்லாம் மாணவர் மனத்தில் நடப்பதுதானே? மனப்பொறி என்றே வைத்துவிடலாம்.

இதைத்தான் நான் மிகவும் எதிர்க்கிறேன். மாணவர் மனத்தில் இருப்பது வேறு. அதற்கு மனமாதிரி என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. அது அரைகுறையாக இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம். நாம் பேசும் பொறி, ‘இப்படி வைத்துக்கொள்’ என்று மொழியும் ஆசிரியரும் சேர்ந்து மாணவர் முன் வைப்பது. முதலாவது மாணவருடையது, இரண்டாவது பாடத்தினுடையது. கற்பிப்பது என்றாலே முதலாவதை இரண்டாவதன் பக்கம் கொண்டுவருவதுதான். இரண்டையும் ஒரே பெயரில் கலந்துவிட்டால், ‘மாணவரின் மனமாதிரி பாடத்தின் பொறியிலிருந்து எங்கே விலகுகிறது?’ என்று கேட்கக்கூட முடியாது. இந்தக் கேள்விக்காகத்தான் இந்தச் சொல்லே வேண்டியிருக்கிறது.

மெய்நிகர் பொறி வேண்டாம். அது விர்ச்சுவல் மெஷினுக்குப் போய்விட்டது. அது உண்மையாகவே ஓடும் மென்பொருள். கற்பனை எந்திரம் என்றால் இல்லாத ஒன்று என்ற தொனி வருகிறது. பாவனைப் பொறி காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இலங்கைத் தமிழில் பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் பயன்படுத்துபவர். அங்குள்ள மாணவர் இதைப் ‘பயன்பாட்டில் உள்ள பொறி’ என்று படிப்பார். கலைச்சொல் எல்லாத் தமிழர்க்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்பவன் நான்.

கருதுபொறிக்கு முன்மாதிரி கருதுகோள். அந்தச் சொல் பள்ளிப் பாடத்திலேயே பழகிவிட்டது. ‘உண்மை என்று சாதிக்கவில்லை, இப்படி வைத்துக்கொண்டு மேலே போவோம்’ என்ற பொருள் அதில் ஊறியிருக்கிறது. நமக்கு வேண்டியதும் அதே பொருள்தான். இலக்கணப்படி வினைத்தொகை என்பதால் முக்காலத்துக்கும் பொது, விகுதிச் சுமையும் இல்லை.

நேற்றுத் தனிமடலில் ஒருவர் கூர்மையான தடை ஒன்றை எழுப்பினார். கருதுபொறி என்றால் ‘கருதுகிற பொறி’, அதாவது தானே சிந்திக்கும் பொறி என்று ஆகிவிடாதா? ஆகலாம். கவனிக்க வேண்டிய தடைதான், ஏனென்றால் தொடக்க மாணவர்களின் மிகப் பெரிய பிழையே அதுதான். கல்வி ஆய்வாளர் ராய் பீ 1986-இல் அதைச் சூப்பர்பக் என்றே அழைத்தார்: கணினிக்குள் நம் எண்ணத்தைப் புரிந்துகொள்ளும் அறிவு ஒன்று ஒளிந்திருக்கிறது என்று மாணவர் நம்பிவிடுகிறார். மாறிக்குப் ‘பெரியது’ என்று பெயர் வைத்துவிட்டு, பட்டியலில் பெரிய எண் தானாக வந்து அதில் உட்காரும் என்று காத்திருப்பவர்கள் உண்டு.

ஆனாலும் தடை நிற்காது என்றே நினைக்கிறேன். வினைத்தொகையில் பின்வரும் பெயர் எப்போதும் எழுவாயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஊறுகாயில் காய் ஊறுகிறது, சரி. குடிநீரில் நீர் குடிப்பதில்லை, நாம் குடிக்கிறோம். செய்பொருளும் அப்படியே. கருதுபொறியும் குடிநீர் வகை: நாம் கருதும் பொறி. அதற்குப் பிறகும் ஒரு மாணவர் தப்பாகப் பிரித்துப் பார்த்தால், ஆசிரியர் ‘கருதுவது யார்? நீயா, பொறியா?’ என்று கேட்டுவிடலாம். சூப்பர்பக்கைப் பற்றிப் பேச அதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

(பொறி என்றால் எலிப்பொறி நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். கணிப்பொறி, பொறியியல் என்று இவ்வளவு காலம் எழுதிய பிறகும் எலிதான் வருமென்றால் நான் என்ன செய்ய?)

இந்தச் சொல் வகுப்பறையைவிடப் பாடத்திட்டக் குழுக்களுக்குத்தான் அதிகம் உதவும் என்பது என் எண்ணம். இளநிலைப் பாடத்திட்டம் வகுக்கும் கூட்டங்களில் சண்டை எப்போதும் மொழியைப் பற்றியே நடக்கும். பைத்தானா, சியா, ஜாவாவா? கணினித் துறையினரின் அமைப்புகளான ஏசிஎம்மும் ஐஇஇஇ கணினிக் கழகமும் சேர்ந்து வெளியிட்ட 2001 பாடத்திட்ட அறிக்கை, தொடக்கப் பாடத்துக்கு ஆறு வழிகளைப் பட்டியலிட்டது: கட்டளை முதல், பொருள் முதல், சார்பு முதல், அகலம் முதல், படிமுறை முதல், வன்பொருள் முதல். கட்டளை முதல் வழியில் பொறி என்பது வரிவரியாக மாறும் நினைவகம். சார்பு முதல் வழியிலோ நினைவகமே கண்ணில் படாது. ஒரு கோவையை (2 + 3 போன்றதை) எடுத்து அதன் மதிப்பைப் பதிலிட்டுக்கொண்டே போவதுதான் பொறியின் வேலை. ஆனால் மொழிக்கு வாக்கெடுத்து முடித்ததும் பொறி தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். முதல் பருவத்தில் பைத்தான், இரண்டாம் பருவத்தில் சி என்று வைக்கும்போது, பெயர்ச்சீட்டுப் பொறியிலிருந்து பெட்டிப் பொறிக்கு மாணவரைத் தூக்கிப் போடுகிறோம் என்பது அட்டவணையில் எங்கும் எழுதப்படுவதில்லை. ‘முதல் பருவத்தின் கருதுபொறி எது? இரண்டாம் பருவத்தில் அது எங்கே மாறுகிறது?’ என்று ஒருவர் கேட்க முடிந்தால் கூட்டத்தின் போக்கே வேறாகும்.

இதன் விளைவு ஏட்டளவில் நிற்பதில்லை. 2001-இல் மைக்கேல் மெக்கிராக்கனின் பன்னாட்டுக் குழு, தொடக்கப் பாடங்களை முடித்த மாணவர்களுக்கு எளிய கணக்கி (கால்குலேட்டர்) நிரல் எழுதும் வேலையைக் கொடுத்தது. சராசரி மதிப்பெண் 110-க்கு 22.89. சிக்கல் தீர்க்கத் தெரியவில்லை என்றுதான் எல்லோரும் பேசினார்கள். 2004-இல் ரேமண்ட் லிஸ்டரின் குழு பல நாடுகளில் பார்த்தபோது, எழுதுவது கிடக்கட்டும், எழுதித் தந்த சில வரிகள் என்ன செய்யும் என்று தடம்பிடிக்கவே பலர் தடுமாறினார்கள். எந்தப் பொறியில் ஓட்டுவது என்று தெரியாதவர் எப்படி ஓட்டுவார்?

அகராதிப் பதிவு இப்படி இருக்கலாம்: ‘கருதுபொறி: ஒரு நிரல்மொழியின் நிரல்கள் எப்படி ஓடுகின்றன என்பதை விளக்குவதற்காக, கற்பிப்பவர் முன்வைக்கும் எளிமையாக்கிய கணினி. மனமாதிரி, மெய்நிகர் பொறி ஆகியவற்றிலிருந்து வேறானது.’ மாற்றுச் சொல் தருபவர்கள் தனிச்சொல்லாக அனுப்பாமல், அதை வைத்து வகுப்பில் சொல்லக்கூடிய ஒரு வாக்கியமாக எழுதி அனுப்பினால் நல்லது. வேற்றுமை உருபு ஏறும்போதுதான் பல சொற்கள் நொண்டுகின்றன.

இதோடு ஒட்டிய இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. ட்ரேஸிங், அதாவது நிரலைத் தாளில் வரிவரியாக ஓட்டிப் பார்ப்பது. வெள்ளோட்டம் என்று சிலர் எழுதுகிறார்கள். வெள்ளோட்டத்தில் வண்டியே ஓடும்; இங்கே ஓடுவது நாம்தான். கையோட்டம் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் அது கையெழுத்தைக் குறிப்பது போலவும் இருக்கிறது. அதற்குத் தனி இழை தொடங்கியிருக்கிறேன், அங்கே பேசுவோம்.

அன்புடன்.