பாம்பன் கால்வாயில் முன்னறிவிப்பை மீறிய அலை: காற்றையும் நீரோட்டத்தையும் எப்படிக் கணிப்பது?

மண்டபம்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் மீன்பிடித் தொழில் செய்பவன் அல்லன். ஓய்வு நாட்களில் தூண்டில் போடுவதற்காக 22 அடி ஃபைபர் படகு ஒன்றை மூன்று ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். புரட்டாசிப் பௌர்ணமிக்கு மறுநாள் நானும் என் மைத்துனரும் காலை ஆறரை மணிக்குத் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கத்திலிருந்து புறப்பட்டு, பாம்பன் கால்வாய் வழியாக வடகடலுக்கு (பாக் விரிகுடா) சென்றோம். காற்று மேற்கிலிருந்து மெல்லியதாக வீசியது. கால்வாயின் ஓட்டமும் எங்களை வடக்கே இழுத்துக்கொண்டு போனதால், எரிபொருள்கூட வழக்கத்தைவிடக் குறைவாகவே செலவானது.

பிற்பகல் இரண்டு மணிக்குத் திரும்பியபோது நிலைமை முற்றிலும் மாறியிருந்தது. பாலங்களைக் கடந்து தென்கடலின் வாய்க்கு வந்தவுடன், சுவர்போல் நிமிர்ந்த அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கமாக வந்து அணியத்தின் (படகின் முன்பகுதி) மீது உடைந்தன. முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. மைத்துனர் வாளியால் இறைத்துக்கொண்டே இருந்ததாலும், இயந்திரம் நிற்காமல் ஓடியதாலும் மட்டுமே கரை சேர்ந்தோம்.

அன்று காலையில் நான் பார்த்த முன்னறிவிப்பில் காற்று 12 முதல் 15 நாட் என்றும், அலை உயரம் 1.1 மீட்டர் என்றும் இருந்தது. நான் கண்டவற்றில் சில அலைகள் இரண்டு மீட்டருக்குக் குறைந்தவை அல்ல. முன்னறிவிப்பு பிழையா, அல்லது அதை நான் படித்த விதம் பிழையா? இங்கே கடல் ஏறி வற்றும் அளவு ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால், ஓத அட்டவணையை நான் இதுவரை பொருட்படுத்தியதே இல்லை. அதுவும் தவறா என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பாம்பன் பழைய ஓட்டுநர்

தம்பி, நீங்கள் இருவரும் நலமாகக் கரை சேர்ந்தது முதல் நிம்மதி. நான் 30 ஆண்டுகளுக்கு மேல் விசைப்படகு ஓட்டியவன். நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் அந்த இடமும் அந்த அலையும் கண்முன் வந்துவிட்டன.

காலையில் நீரோட்டம் வடக்கே போனது. நீங்களும் அதனுடனே போனீர்கள். பிற்பகலில் அது தெற்கே திரும்பியிருக்கிறது. நீங்கள் தெற்கே வந்ததால், படகை முன்தள்ளும் ஓட்டம் நமக்குச் சாதகம் என்றே அந்த நேரத்தில் தோன்றியிருக்கும். ஆனால் காற்று தென்மேற்கிலிருந்து, அதாவது ஓட்டத்திற்கு எதிர்முகமாக வீசியிருக்கிறது. உச்சிக்குப் பிறகு கடற்காற்றும் சேர்ந்துகொள்வதால், காலையில் மெல்லியதாக இருந்த காற்று இரண்டு மணிக்கு நன்றாக வலுத்துவிடும். காற்றும் நீவாடும் (நீரோட்டமும்) ஒரே திசையில் போனால் அலை நீண்டு படுக்கும். எதிர்த்து மோதினால் அலை குறுகி எழுந்து நிற்கும். எங்கள் படகில் புதிதாக ஏறும் பையன்களுக்கு நாங்கள் முதலில் கற்றுக்கொடுத்தது இதைத்தான்.

கால்வாயின் தென்வாய்க்கு இன்னொரு குணமும் உண்டு. இங்குள்ளவர்கள் தென்கடலை ஆண் கடல் என்றும் வடகடலைப் பெண் கடல் என்றும் சொல்வது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மன்னார் வளைகுடா தெற்கே இந்தியப் பெருங்கடலுக்குத் திறந்து கிடப்பதால், தொலைவில் பிறந்த பேரலையும் உள்ளே வந்துவிடும். பாக் விரிகுடாவுக்கு அந்த அலை வராதபடி இராமேசுவரம் தீவும் ஆதம் பால மணல்திட்டுகளும் தடுத்துவிடுகின்றன. ஆகவே தெற்கிலிருந்து வரும் அலையும் வடக்கிலிருந்து வெளியேறும் ஓட்டமும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் அந்தத் தென்வாய்தான். ஆற்று முகத்துவாரத்தில் வற்றம் இறங்கும் நேரத்தில் படகை உள்ளே கொண்டுவர அஞ்சுகிறோம் அல்லவா, அதே அச்சம் இங்கும் வேண்டும்.

பாலத்தூண்களைப் பாருங்கள். தூணின் எந்தப் பக்கம் நீர் முட்டி உயர்கிறது, எந்தப் பக்கம் சுழித்து நுரைக்கிறது என்பதை வைத்து ஓட்டத்தின் திசையையும் வேகத்தையும் எளிதில் சொல்லிவிடலாம். வடக்கே நின்று பத்து நிமிடம் அதைக் கவனித்திருந்தால், அன்று நீங்கள் ஓட்டம் தளரும்வரை நங்கூரமிட்டுக் காத்திருந்திருப்பீர்கள்.

ஓதமானி

ஐயா சொன்னதற்கு மேல் அனுபவமாகச் சேர்க்க என்னிடம் எதுவும் இல்லை. கடலியல் பயிற்றுவிப்பவன் என்ற முறையில், முன்னறிவிப்பில் உள்ள எண்களுக்கு என்ன பொருள் என்பதை மட்டும் விளக்குகிறேன். சிறுபடகு வைத்திருப்பவர்களில் பலர் தடுமாறுவது அங்கேதான்.

முன்னறிவிப்பில் வரும் அலை உயரம், அங்கு எழும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கினுடைய சராசரி. அதனால் அதைவிட உயர்ந்த அலைகள் வந்துகொண்டேதான் இருக்கும். சில மணி நேரத்தில் ஒருமுறையாவது அந்த எண்ணைப்போல் ஏறக்குறைய இருமடங்கு உயரமுள்ள அலை எழுவது இயல்பு. 1.1 மீட்டர் என்று சொன்ன நாளில் நீங்கள் இரண்டு மீட்டர் அலையைக் கண்டது, அந்த எண்ணுக்கு முரணானதே அன்று.

காற்றின் எண்ணும் சராசரிதான். 15 நாட் என்பது மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர். அந்தச் சராசரிக்கு நடுவே வீச்சுகள் 20 நாட்டைத் தாண்டுவது வழக்கம். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், 15 நாட் 22 நாட்டாகும்போது படகைத் தள்ளும் விசை இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. கைப்பேசியில் நாம் பார்க்கும் உலகளாவிய கணிப்புகளில் நுட்பமானவைகூட ஏறக்குறைய 9 கிலோமீட்டர் கட்டங்களாகவே கடலைப் பார்க்கின்றன. இரண்டு கிலோமீட்டர் அகலமுள்ள பாம்பன் கால்வாய் அந்தக் கட்டத்திற்குள் அடையாளமே இல்லாமல் கரைந்துபோகும். ஆக, நீங்கள் படித்தது திறந்த கடலுக்கான எண். நீங்கள் படகு ஓட்டியதோ கால்வாயின் வாயில்.

எதிரோட்டம் அலையை நிமிர்த்துவதற்கு ஒரு கணக்கு உண்டு. உள்ளூர்க் காற்று எழுப்பும், நான்கு நொடிக்கு ஒரு முகடாக வரும் அலை, ஆழமான நீரில் விநாடிக்கு 6.2 மீட்டர் வேகத்தில் ஓடும். ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு 25 மீட்டர் இடைவெளி இருக்கும். எதிரே வரும் ஓட்டம் அந்த வேகத்தில் நான்கில் ஒரு பங்கை, அதாவது ஏறக்குறைய 3 நாட்டை எட்டினால், அந்த அலையால் மேற்கொண்டு முன்னேறவே இயலாது. அதன் ஆற்றல் அதே இடத்தில் குவிந்து, அலை செங்குத்தாகி உடையும். ஓட்டம் அதைவிடக் குறைவாக இருந்தாலும், அலை குறுகுவதும் உயர்வதும் அதற்கு முன்பே தொடங்கிவிடும். ஆழம் குறைந்த நீரில் இந்த எண்கள் மாறும் என்றாலும் நிகழ்வது ஒன்றே.

ஓத அட்டவணையைப் பொருட்படுத்தாதது தவறுதான். ஏற்ற வற்றத்தின் உயரம் சிறியதாக இருந்தாலும், இரண்டு பரந்த நீர்ப்பரப்புகளுக்கு இடையில் ஒடுங்கிய வழி இருந்தால், இரு பக்க நீர்மட்டத்திலும் ஏற்படும் சிறு வேறுபாடே வேகமான ஓட்டத்தை உண்டாக்கப் போதுமானது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது: இத்தகைய கால்வாயில், கரையோரத்தில் நீர் முழுவதும் ஏறிய நேரமும் ஓட்டம் நின்று திரும்பும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இந்திய நில அளவைத் துறை வெளியிடும் அட்டவணை நீரின் உயரத்தைத்தான் சொல்கிறது. ஓட்டம் திரும்பும் நேரத்தை நீங்களே கவனித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு பட்சம் முழுவதும் நாள்தோறும் குறித்தால் போதும். ஏற்ற வற்றம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் பின்தள்ளிப்போவதால், பதினைந்து நாளில் சுற்று மீண்டும் பழைய மணிக்கே வந்துவிடும். திதியைக் கொண்டு ஓதத்தைக் கணித்த நம் முன்னோர் முறையின் அடிப்படையும் இதுவே. பௌர்ணமிக்கு மறுநாள் சென்றதால், ஓட்டம் மிக வலுவாக இருக்கும் நாட்களில் ஒன்றையே நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.

பருத்தித்துறை முனை

எதிர்க்கரையான இலங்கையிலிருந்து எழுதுகிறேன். தென்மேற்குப் பருவக் காற்றை நாங்கள் சோழகம் என்போம். மேற்கிலிருந்து வருவது கச்சான், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், வடக்கிலிருந்து வருவது வாடை. பெண் கடல் என்ற பெயரை நம்பி யாரும் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர்கூட ஆழமில்லாதது. பேரலை வராது என்பது உண்மை. ஆனால் ஆழமற்ற நீரில் காற்று எழுப்பும் அலை, மூன்று அல்லது நான்கு நொடிக்கு ஒன்றாகக் குத்துக் குத்தாக வரும். ஓர் அலையிலிருந்து அணியம் நிமிர்வதற்குள் அடுத்தது வந்து விழுந்துவிடும். வாடை தொடர்ந்து வீசும் மார்கழி நாட்களில், ஒரு மீட்டர் அலையிலேயே சிறு வள்ளங்கள் நீர் நிறைந்து அமிழ்ந்துவிடும். இயந்திரம் பழுதானால் ஓட்டம் உங்களை எல்லைக்கோட்டுக்கு இப்பால் கொண்டுவந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். நங்கூரமும் அதற்குப் போதிய நீளமுள்ள கயிறும் இல்லாமல் வடகடலுக்குப் புறப்படுவது சரியன்று.

மண்டபம்வாசி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அடுத்து தீபாவளி அமாவாசையை ஒட்டிய விடுமுறையில் அதே வழியில், அதே நேரத்தில் போக எண்ணியிருந்தேன். இப்போது இன்னும் இரண்டு ஐயங்கள் எழுகின்றன. சில நாட்களில் பாம்பன் வடகடலில் கடல் உள்வாங்கிப் படகுகள் தரைதட்டி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அது எதனால்? துறைமுகத்தில் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் என்னைப் போன்றவர்கள் போகலாமா?

ஓதமானி

உள்வாங்குதல் பற்றி முதலில் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் சுனாமி என்ற பீதி பரவுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. தென்மேற்கிலிருந்து வலுத்து வீசும் காற்று வடகடலின் நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளுகிறது. காற்றால் நீர்மட்டம் சாயும் அளவு, ஆழம் குறையக் குறைய அதிகரிக்கும். ஆதலால் ஆழமற்ற பாக் விரிகுடாவில் அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நேர்கிறது. வற்றமும் சேர்ந்துகொண்டால் படகுகள் மணலில் அமர்ந்துவிடும். காற்று தணிந்தால் நீர் திரும்பிவிடும். உங்களைப் பொறுத்தவரை, கடல் வரைபடத்தில் அச்சிட்ட ஆழத்துடன் ஓத உயரத்தைக் கூட்டினால் மட்டும் போதாது என்பதே இதன் பொருள். காற்று அதிலிருந்து கழித்துக்கொள்வதையும் எண்ண வேண்டும்.

கூண்டு குறித்து: 1, 2 ஆகிய எண்கள் புயல் சின்னம் தொலைவில் இருப்பதைக் குறிப்பவை. 3, 4 அந்தத் துறைமுகத்திற்கே பலத்த காற்று வரக்கூடும் என்பவை. 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பேரபாயம். 11 என்றால் எச்சரிக்கை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது. 1-ஆம் எண்ணைக் கண்டு இங்கே காற்று இல்லையே என்று கிளம்புவது தவறு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி, குமரிக் கடலில் எவ்வளவு குறுகிய நேரத்தில் புயலாக வலுத்தது என்பதை நாம் கண்டோம். மீன்வளத் துறை விசைப்படகுகளுக்கு டோக்கன் (கடலுக்குச் செல்லும் அனுமதிச் சீட்டு) நிறுத்திய நாளில், 22 அடிப் படகு கரையிலேயே இருக்கட்டும். தென்கடலுக்குப் போவதானால், இன்காய்ஸ் (இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம்) வெளியிடும் கள்ளக்கடல் எச்சரிக்கையையும் பாருங்கள். தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் எழுந்த நெடும் அலை, உள்ளூரில் காற்றே இல்லாத தெளிந்த நாளில் வந்து சேரும்.

பாம்பன் பழைய ஓட்டுநர்

தம்பி, இந்த ஆண்டு தீபாவளி அமாவாசை நீங்கள் சொன்ன புரட்டாசிப் பௌர்ணமிக்குப் பதினைந்து நாள் கழித்து வருகிறது. மேலே சொன்னபடி, ஓட்டம் ஏறக்குறைய அன்றைய மணிக்கே திரும்பும்: காலையில் வடக்கே, பிற்பகலில் தெற்கே. ஆனால் அதற்குள் காற்று மாறிவிட்டிருக்கக்கூடும். ஐப்பசி பிறந்து வாடை பிடித்துவிட்டால், பிற்பகலில் நீங்கள் அஞ்சிய தென்வாய் காற்றும் ஓட்டமும் ஒத்துப்போய் அடங்கிக் கிடக்கும். காலையில் நீங்கள் நிம்மதியாகக் கடந்த வடக்கு வாயில்தான் அலை நிமிரும். வாடை இன்னும் வராமல் தென்மேற்குக் காற்றே வீசினால் பழைய கதைதான். எனவே எந்த வாய் மோசம் என்று இன்றே முடிவு செய்ய வேண்டாம். அன்று விடிகாலையில் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். அந்த நாட்களில் பிற்பகலில் இடிமேகம் திரண்டு திடீர்க் காற்றும் அடிக்கும். பன்னிரண்டு மணிக்குள் திரும்பிவிடும்படி புறப்படுங்கள். உயிர்காப்பு அங்கியைப் படகில் வைத்திருந்தால் போதாது. உடம்பில் கட்டியிருக்க வேண்டும். கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். அதற்கு முன் ஒருநாள் மாலையில் சாலைப் பாலத்தின் மேல் நின்று தூண்களைப் பாருங்கள். நேரம் சொன்னால் நானும் வருகிறேன்.