பூம்புகார் கடற்கரையில் வாட்ச் 27 மீட்டர் உயரம் காட்டுகிறது, எதை நம்புவது?

கரையோர சைக்கிள்:
போன ஞாயிறு காலை பத்து மணிக்குக் கல்லணையில் கிளம்பி திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக நாலரைக்குப் பூம்புகார் போய்ச் சேர்ந்தேன். மொத்த வழியும் இறக்கம்தான், அறுபது மீட்டர்போல இருக்கும். ஆனால் வழி போட்டுத் தந்த ஆப் 380 மீட்டர் ஏற்றம் என்றது. திருவையாறு தாண்டி ஒரு தென்னந்தோப்பு ஓரத்தில் 9 சதவீத ஏற்றமாம், நான் வளர்ந்த ஊர், அங்கே மேடே கிடையாது! காற்றழுத்தம் பார்க்கும் வாட்சோ கடலோரத்தில் 27 மீட்டர் காட்டியது. அடுத்த மாதம் பிள்ளைகளை அழைத்துப் போகிறேன், எங்கே ஏற்றம் என்று சரியாகச் சொல்ல வேண்டும்.

தோப்புக்காரன்:
அந்த 9 சதவீதம் தென்னை மரத்தின் உயரம். பல ஆப்கள் எடுப்பது 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலத்திலிருந்து ரேடாரால் அளந்த தரவை. அது தரையை மட்டும் பார்க்கவில்லை, தோப்பின் தலையையும் சேர்த்துத்தான் பார்த்தது. சுமார் 30 மீட்டர் கட்டத்துக்கு ஓர் உயரம், வயல் கட்டத்திலிருந்து தோப்புக் கட்டத்துக்குப் போகும்போது மூன்று மீட்டர் கூடினாலே 10 சதவீதம் ஆகிவிடும். இப்படி ஏறுவதை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் 380 வராமல் என்ன செய்யும்? கொல்லிமலையில் இந்தப் பிழை ஏற்றத்துக்குள் மறைந்துவிடும், நம் டெல்டாவில் பிழைதான் மலை.

மழைமானி:
வாட்ச் பழுதில்லை அண்ணா. நம் பக்கம் காற்றழுத்தம் தினமும் காலை பத்து மணி வாக்கில் உச்சத்துக்குப் போய் மாலை நாலு மணிக்கு இறங்கும், வித்தியாசம் 3 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) வரை வரும். அழுத்தம் குறைந்தால் வாட்ச் அதை உயரம் கூடியதாக எடுத்துக்கொள்ளும். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல், அதனால் சும்மா உட்கார்ந்திருந்தாலே 25 மீட்டர் ஏறியதாகக் காட்டும். நீங்கள் போனது சரியாக அந்த நேரத்தில். ஒரு மேம்பாலம் ஏறி இறங்கும் சில நிமிடங்களுக்கு வாட்சை நம்பலாம், நாள் முழுக்க நம்ப முடியாது.

பழைய ராலே:
தம்பி, ரயில் நிலைய மஞ்சள் பலகையில் பெயருக்குக் கீழே கடல்மட்ட உயரம் எழுதியிருக்கும், கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் நின்று அதை வாட்சில் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு ஏற்றம் என்று சொல்ல வேண்டியது ரயில்வே மேம்பாலங்களும் ஆற்றுப் பாலத்துக்குக் கரையேறும் இடங்களும்தான். அப்புறம் ஆடி மாதமாக இருந்தால் கிழக்கே போகும்போது காற்று தள்ளிக்கொண்டு போகும், திரும்பி மேற்கே மிதிக்க வைக்காதீர்கள், ரயிலில் ஏற்றிவிடுங்கள்.

கரையோர சைக்கிள்:
ஆடிதான் ஐயா. மயிலாடுதுறையிலிருந்து ரயிலிலேயே திரும்புகிறோம்.